உராய்வற்ற வணிகம்: ஓர் உவமையின் பரிசோதனை

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்கள் செய்யும் சோதனைகளுள் மிக எளியது ஒன்று உண்டு. ஒரு பலகையின் மேல் மரக்கட்டையை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் கட்டை சறுக்கத் தொடங்கும். அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே அவ்விரு பரப்புகளுக்கும் இடையிலான உராய்வுக் குணகம் ஆகும். சோதனை முடிந்ததும் ஆண்டுதோறும் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "உராய்வே இல்லாத உலகம் இருந்தால் எப்படி இருக்கும்?"

"வண்டிக்குப் பெட்ரோலே வேண்டாம்" என்பார் ஒருவர். "இயந்திரங்கள் தேயா" என்பார் இன்னொருவர். சற்று நேரம் கழித்துக் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "சார், நடக்கவே முடியாதே!" அதுதான் சரியான விடை. பாதம் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. உராய்வு நம்மை முன்னுக்குத் தள்ளுகிறது. ஆணி சுவரில் நிற்பதும், முடிச்சு அவிழாதிருப்பதும், விரல்களுக்கிடையே பேனா நழுவாதிருப்பதும் உராய்வினால்தான். உராய்வு நம் ஆற்றலை விழுங்கும் பகையும் ஆகும். நம்மைத் தாங்கும் துணையும் ஆகும்.

இந்த எளிய உண்மையை மறந்து எழுதப்பட்ட ஒரு புகழ்பெற்ற கருத்தைப் பற்றியதே இக்கட்டுரை. இணையத்தின் வழியாக வாணிபம் நடைபெறத் தொடங்கிய காலத்தில் அக்கருத்து உலகெங்கும் பரவியது. இன்றும் பல மேடைகளில் அது புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ஆகவே அதைச் சாய்தளத்தின் மேல் வைத்துப் பார்ப்பது பயனுடைய வேலையே.

நூல் என்ன சொல்கிறது?

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த பில் கேட்ஸ், நேதன் மிர்வோல்டு, பீட்டர் ரைனர்சன் ஆகிய இருவருடன் சேர்ந்து எழுதிய 'தி ரோடு அஹெட்' என்னும் நூல் 1995ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளிவந்தது. 'முன்னே செல்லும் பாதை' என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். அந்நூலின் ஓர் அத்தியாயத்திற்கு 'உராய்வற்ற முதலாளித்துவம்' என்று பொருள்படும் தலைப்புத் தரப்பட்டிருந்தது.

அதன் சாரம் இதுதான். ஸ்காட்லாந்து நாட்டுப் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் சந்தையைப் பற்றி எழுதினார். வாங்குவோர் ஒவ்வொருவருக்கும் விற்போர் அனைவரின் விலையும், விற்போர் ஒவ்வொருவருக்கும் வாங்குவோரின் தேவையும் தெரிந்திருந்தால் சந்தை செம்மையாக நடக்கும். நடைமுறையில் அவ்வாறு தெரிவதில்லை. விசாரிக்க அலைய வேண்டும். தரகரை நம்ப வேண்டும். தொலைவைக் கடக்க வேண்டும். இவையெல்லாம் சந்தையின் உராய்வுகள். கணிப்பொறிகளை இணைக்கும் தகவல் நெடுஞ்சாலை வந்துவிட்டால் இந்த உராய்வு பெரும்பாலும் நீங்கும். புதிய பயன் எதையும் கூட்டித் தராத இடைத்தரகர் மறைவார். வாங்குவோருக்கு அது பொற்காலமாக அமையும்.

கேட்பதற்கு இனிமையான கருத்து. தவறென்று ஒரேயடியாகத் தள்ளிவிடக்கூடியதும் அன்று. ஆயினும் ஓர் உவமையைக் கையாளுகின்றவர் அதன் முழுப் பொருளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். இயற்பியலிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கினால் வட்டியோடு திருப்பித் தர வேண்டாமா? உராய்வு என்னும் சொல்லில் பாதிப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டது இந்நூல் என்பதே என் குறைபாடு. அது வெறும் சொற்குற்றம் அன்று என்பதற்கு நம் நாட்டில் இணைய வாணிபம் நடந்து வந்த கதையே சான்று.

1995ஆம் ஆண்டின் நிலை

முதலில் அக்காலத்தை நினைவுக்குக் கொண்டு வருவோம். இணையம் பிறந்தபோது அது கடைத்தெருவாக இருக்கவில்லை. அமெரிக்காவில் அதன் முதுகெலும்பாக விளங்கிய தேசிய அறிவியல் நிறுவனத்தின் வலையமைப்பு, ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் உரியது; வாணிபத்திற்கு அங்கே இடமில்லை என்பது விதி. அந்த வலையமைப்பு 1995 ஏப்ரல் 30இல் மூடப்பட்டுத் தனியார் வலையமைப்புகள் அதன் இடத்தைப் பிடித்தன. அதே ஆண்டு ஜூலையில் அமேசான் நிறுவனம் புத்தகம் விற்கத் தொடங்கியது. செப்டம்பரில், பின்னாளில் ஈபே எனப் பெயர் பெற்ற ஏலக் கடை திறக்கப்பட்டது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அப்போது மெட்ராஸ் என வழங்கிய சென்னையும் அச்சேவை பெற்ற முதல் நகரங்களுள் ஒன்று. நான் அப்போது தொடக்கப் பள்ளி மாணவன். கேளம்பாக்கம் அன்று நெல் வயலும் உப்பளமும் சூழ்ந்த ஊர். பழைய மாமல்லபுரம் சாலை இருபுறமும் மரங்கள் நிற்கும் குறுகிய சாலை. தகவல் நெடுஞ்சாலை என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் கேட்டிருக்க நியாயமில்லை. எங்கள் நெடுஞ்சாலையில் மாட்டு வண்டி போயிற்று.

தொலைபேசிக் கம்பியில் மோடம் என்னும் கருவியைப் பூட்டித்தான் இணையத்தை அடைய வேண்டும். தொடக்கத்தில் கிடைத்த வேகம் நொடிக்கு 9,600 பிட்டுகள். ஒரு பட்டுப்புடவையின் படத்தைக் கடைக்காரர் இணையத்தில் வைக்கிறார் என்று கொள்வோம். படத்தின் அளவு 60,000 பைட்டுகள். ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள் வீதம் 4,80,000 பிட்டுகள். இதை 9,600ஆல் வகுத்தால் 50 நொடிகள். தொடர்பு ஒருமுறையும் அறுபடாமல் இருந்தால் ஒரு புடவையைப் பார்க்க ஏறத்தாழ ஒரு நிமிடம். தியாகராய நகர்க் கடையில் அந்த ஒரு நிமிடத்தில் விற்பனையாளர் பத்துப் புடவையை விரித்துக் காட்டிவிடுவார்!

இந்த உராய்வு உண்மையில் நீங்கிவிட்டது. கண்ணாடி இழைக் கம்பியும் அலைபேசிக் கோபுரங்களும் அதை நீக்கின. இந்த அளவில் நூலின் கணிப்புச் சரியே. ஆனால் கம்பியின் தடை நீங்கிய பிறகுதான் மற்ற உராய்வுகள் கண்ணுக்குத் தெரிந்தன.

பொறியியலார் உண்டாக்கிய உராய்வு

கடையில் நாம் பணத்தைக் கொடுக்கிறோம், பொருளைப் பெறுகிறோம். இருவரும் எதிரெதிரே நிற்கிறோம். இணையத்தில் அப்படியில்லை. எதிரே இருப்பவர் யார்? அவர் சொன்ன விலையை நாளை மறுத்தால் என்ன செய்வது? நான் அனுப்பும் வங்கி அட்டை எண்ணை நடுவழியில் ஒருவர் படித்துவிட்டால்? இணையத்தில் ஓர் எண்ணைப் படியெடுக்கச் செலவே இல்லை. அதாவது திருடனுக்கும் அங்கே உராய்வு இல்லை. உராய்வற்ற தளத்தில் நல்ல கட்டையும் சறுக்கும், கெட்ட கட்டையும் சறுக்கும்.

இச்சிக்கலை அறிஞர்கள் எவ்வாறு தீர்த்தனர்? உராய்வை நீக்கியன்று, புதிதாக ஓர் உராய்வை உண்டாக்கித் தீர்த்தனர். 1976இல் டிஃபி, ஹெல்மன் ஆகிய இருவரும் பொதுத் திறவுகோல் என்னும் கருத்தை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் ஆகிய மூவர் அதற்கு ஒரு நடைமுறை வழியைக் கண்டனர். அதன் அடிப்படை எளியது. 61, 53 என்னும் இரு பகா எண்களைப் பெருக்கினால் 3,233. இதைப் பள்ளி மாணவரே அரை நிமிடத்தில் செய்துவிடுவார். ஆனால் 3,233ஐக் கொடுத்து அதன் காரணிகளைக் கேட்டால் பல முறை வகுத்துப் பார்க்க வேண்டும். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவையாக இருந்தால் பெருக்குவது கணிப்பொறிக்கு நொடிப்பொழுது வேலை. காரணிப்படுத்துவதோ இன்று நாம் பயன்படுத்தும் கணிப்பொறிகளால் ஆகாத காரியம். போகும் திசையில் வழுக்கும். திரும்பும் திசையில் பிடித்துக்கொள்ளும். மாட்டு வண்டிக்காரர் மேட்டில் ஏறும்போது சக்கரத்தின் பின்னே கல் வைப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இணையத்தில் மறைக்குறியீட்டின் காப்போடு நடந்த முதல் சில்லறை விற்பனை எனப் பலராலும் சொல்லப்படுவது 1994 ஆகஸ்ட் 11இல் அமெரிக்காவில் நடந்தது. ஸ்டிங் என்னும் பாடகரின் இசைத் தட்டு ஒன்றை நெட்மார்க்கெட் என்னும் நிறுவனம் விற்றது. வங்கி அட்டை எண் இத்தகைய காப்புடன்தான் சென்றது. இசைத் தட்டோ வழக்கம்போல் அஞ்சலில் சென்றது என்பதையும் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணிதம் மட்டும் போதுமா? போதாது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1996இல் ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்தது. அதைத் தழுவி இயற்றப்பட்ட நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. மின்னணு ஆவணத்துக்கும் எண்முறைக் கையொப்பத்துக்கும் சட்டத் தகுதி அன்றுதான் கிட்டியது. அதற்கு முன் ஐந்தாண்டுகள் இணையம் இருந்தது; வணிகம் ஊன்றி நிற்கத் தரை இல்லை.

பின்னர் 2009 ஆகஸ்ட் முதல், இணையத்தில் வங்கி அட்டையைப் பயன்படுத்துவோர் அட்டையில் அச்சிடப்படாத மற்றொரு சான்றையும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. இன்று நம் அலைபேசிக்கு வரும் ஒருமுறை எண் அந்த வழியில் வந்ததே. அதைத் தட்டச்சு செய்யும் சில நொடிகள் எரிச்சலூட்டத்தான் செய்கின்றன. ஆனால் அந்தச் சில நொடி உராய்வை நீக்கிவிட்டால் நம் சேமிப்பு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் சொல்வதும் இதனால்தான்.

ஆகவே உராய்வை நீக்கியதால் இணைய வணிகம் வளர்ந்தது என்பது பாதி உண்மை. தக்க இடத்தில் உராய்வை உண்டாக்கியதாலும் அது வளர்ந்தது என்பது மறுபாதி. நூலில் மறைக்குறியீடு பற்றிய செய்தி இல்லாமல் இல்லை. ஆனால் வணிகத்திற்குத் தரை அமைக்கும் உராய்வு அதுதான் என்ற தெளிவு இல்லை.

தூதஞ்சலில் வந்த பயணச்சீட்டு

நம் நாட்டில் இணையத்தில் பொருள் வாங்கும் பழக்கத்தைப் பெருவாரியான மக்களிடம் கொண்டு சென்றது புத்தகமோ புடவையோ அன்று, ரயில் பயணச்சீட்டுத்தான். 2002 ஆகஸ்ட் 3இல் இந்திய ரயில்வேயின் உணவு மற்றும் சுற்றுலாக் கழகம் இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. அதில் ஒரு வேடிக்கை இருந்தது. கணிப்பொறியில் பதிவு செய்து பணமும் கட்டிவிடலாம். சீட்டு மட்டும் தூதஞ்சலில் வீடு தேடி வரும்! தாம்பரத்தில் இருந்த என் மாமா அந்த உறைக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பயணிக்குச் சீட்டைக் கொண்டு தரும் ஆளின் மிதிவண்டியில்தான் தகவல் நெடுஞ்சாலை வந்து முடிந்தது. வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளும் மின்சீட்டு 2005இல்தான் வந்தது.

பயணச்சீட்டு என்பது ஒரு தகவல். 'இன்ன நாளில் இன்ன இருக்கை இவருக்கு உரியது' என்பதே அதன் உள்ளடக்கம். தகவலுக்கு எடை இல்லை. ஆகவே காகிதத்தைத் துறந்ததும் அது கம்பியில் ஓடிவிட்டது. அரிசிக்கும் பருப்புக்கும் அந்த வசதி இல்லை. பெங்களூரில் 1999இல் ஃபேப்மார்ட் என்னும் இணையக் கடை தொடங்கப்பட்டது. இந்தியாவின் முன்னோடி இணையக் கடைகளுள் அது ஒன்று. அதை நடத்தியோர் சில ஆண்டுகளிலேயே மளிகைப் பொருள்களுக்காகத் தெருவில் உண்மையான கடைகளையும் திறந்தனர். அக்குழுவினருள் பலர் 2011இல் பிக்பாஸ்கெட் என்னும் இணைய மளிகைக் கடையை நிறுவியோராகவும் இருந்தனர். முதல் முயற்சிக்கும் இரண்டாம் முயற்சிக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

2007இல் தொடங்கிய ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2010இல் ஒரு புது வழியைக் கையாண்டது. பொருளைக் கையில் பெற்ற பிறகு ரொக்கமாகப் பணம் தரலாம் என்றது. நம் மக்கள் அதன் பிறகே பெருமளவில் இணையக் கடைகளை நாடினர். இதன் பொருள் என்ன? கணிப்பொறியை அன்று, வாசலில் வந்து நின்ற மனிதரை நம்பித்தான் பணம் கொடுத்தோம். சந்தையின் பழைய முறை, கைக்குக் கை மாற்று, இணைய வணிகத்தின் கடைசிப் படியில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. 2016இல் வந்த யுபிஐ முறைக்குப் பின் ரொக்கத்தின் தேவை மிகவும் குறைந்துவிட்டது உண்மையே. ஆனால் பொருளைத் தூக்கி வருபவரின் தேவை குறையவில்லை.

தரகர் மறைந்தாரா?

இடைத்தரகர் மறைவார் என்பது நூலின் இரண்டாவது முடிவு. இதற்கு நம் நாட்டுச் சோதனை ஒன்று உண்டு. ஐ.டி.சி. நிறுவனம் 2000 ஜூன் மாதம் மத்தியப் பிரதேசத்தில் 'இ-சௌபால்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சௌபால் என்றால் ஊர்ப் பொதுத் திண்ணை. ஊரில் ஓர் உழவர் வீட்டில் கணிப்பொறி வைக்கப்பட்டது. சோயா மொச்சையின் விலையை உழவர்கள் அதில் பார்த்துவிட்டு, சந்தைக்குப் போவதா, நிறுவனத்தின் கொள்முதல் நிலையத்துக்குப் போவதா என்று தாமே முடிவு செய்யலாம்.

கணிப்பொறியைப் பொறுப்பேற்ற உழவருக்கு 'சஞ்சாலக்' என்று பெயர். அவருக்குத் தரகுத் தொகை உண்டு. முன்பு சந்தையில் தரகு வணிகம் செய்தோர் பலர் 'சம்யோஜக்' என்ற புதுப் பெயரில் அத்திட்டத்திலேயே பணி பெற்றனர். ஆக, இடையில் நிற்பவர் மறையவில்லை. பெயரும் வேலையும் மாறின. பழைய சந்தையில் கைத்தராசில் நிறுக்கும்போது உழவர் இழந்தது உண்டு. புதிய நிலையத்தில் மின்னணு எடைமேடை வந்தது. இது உண்மையான நன்மை. ஆனால் அந்நன்மையைத் தந்தது இணையம் மட்டுமா? நேர்மையான எடைக்கல்லும் ஊராரின் நம்பிக்கை பெற்ற ஓர் ஆளும் சேர்ந்து தந்தது அது.

இன்று பெரிய இணையக் கடைகளும் இடைத்தரகர்களே அல்லவா? விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று, எதை முதல் பக்கத்தில் காட்டுவது, எதைப் பத்தாம் பக்கத்துக்குத் தள்ளுவது என்று முடிவு செய்பவர்கள் அவர்கள். பல சிறு தரகர் இருந்த இடத்தில் சில பெருந்தரகர் வந்திருக்கின்றனர். பலகையைச் சாய்க்கும் கை யாருடையது என்று பார்க்காமல் கட்டை தானாகச் சறுக்குகிறது என்று எழுதினால் சோதனைக் குறிப்பேட்டில் மதிப்பெண் கிடைக்குமா?

எல்லா விவரமும் தெரிந்த சந்தை

எல்லோருக்கும் எல்லா விவரமும் தெரிந்தால் விலை சரியாக அமையும் என்பதையும் சோதித்துப் பார்க்கலாம். இணையம் மூலம் விவரங்கள் மிக விரைவாகப் பரவிய முதல் சந்தை, இணைய நிறுவனங்களின் பங்குச் சந்தைதான். அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10இல் 5,048ஐத் தொட்டது. 2002 அக்டோபரில் அது ஏறத்தாழ 1,114 ஆகியது. நான்கில் மூன்று பங்குக்கு மேல் சரிவு! சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் இடம்பெற்றது. அடுத்த மாதமே இந்தியா வேர்ல்டு என்னும் இணையதளத் தொகுப்பை 499 கோடி ரூபாய்க்கு வாங்க முன்வந்தது. அக்காலத்தில் அச்செய்தி நாட்டையே வாய்பிளக்க வைத்தது. எங்கள் சாலையின் வடகோடியில், தரமணியில், டைடல் பூங்கா திறக்கப்பட்ட 2000ஆம் ஆண்டில் சரிவு தொடங்கிவிட்டது. விவரம் விரைவாகப் பரவியது. ஆசையும் அச்சமும் அதே வேகத்தில் பரவின. அதிர்வைத் தணிக்கும் உராய்வு இல்லாத ஊசல் நிற்காமல் ஆடும் என்பதை நாங்கள் இரண்டாம் பாடத்திலேயே சொல்லித் தருகிறோம்.

நூலுக்கு நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி முடிப்பது விமரிசனம் ஆகாது. நூலின் கருத்துக்கு வலுவான சான்று ஒன்று நம் அண்டை மாநிலமான கேரளத்திலிருந்தே கிடைக்கிறது. 1997 முதல் 2001 வரை அம்மாநிலத்தின் வட கடற்கரையில் அலைபேசிச் சேவை படிப்படியாக வந்தது. ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் ஆய்வாளர் அப்பகுதியின் மத்தி மீன் சந்தைகளை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார். அலைபேசிக்கு முன், ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீனைக் கொட்டுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி மற்றொரு கரையில் மீனின்றி மக்கள் திரும்புவார்கள். அலைபேசி வந்ததும் கடலிலிருந்தே விலை விசாரித்துப் படகைத் திருப்பினர். கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு பெரிதும் குறைந்தது. மீனவர் ஆதாயம் சராசரி 8 சதவீதம் கூடியது. வாங்குவோர் தந்த விலை 4 சதவீதம் குறைந்தது. இரு தரப்பாரும் பயன் பெற்றனர்.

இதைவிட நல்ல சான்றை நூலாசிரியரே கேட்டிருக்க முடியாது. அறியாமை என்னும் உராய்வு குறைந்தால் நன்மை விளையும் என்பதில் ஐயமில்லை. அவ்விலையைக் கேட்டபின் படகைத் திருப்பியது டீசல் என்பதை மட்டும் நாம் மறவாதிருந்தால் போதும்.

கேளம்பாக்கம் நாற்சந்தியில்

இனி நம் ஊருக்கு வருவோம். வண்டலூரிலிருந்து வரும் சாலையும் கோவளத்துக்குச் செல்லும் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையைத் தொடும் இடம் கேளம்பாக்கம். மாலை ஆறு மணிக்கு அங்கே நின்றால் இக்கட்டுரையின் கருத்து முழுவதையும் கண்ணால் காணலாம். முதுகில் பெரிய பையைச் சுமந்த இருசக்கர வண்டிக்காரர்கள் வரிசையாகச் செல்கின்றனர். சிறுசேரி கணிப்பொறி நிறுவனங்களைச் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளில் விரலால் தொட்டுக் கேட்கப்பட்ட பொருள்கள் அந்தப் பைகளில் உள்ளன.

உப்பளங்களுக்குப் பேர்போன இவ்வூரில் ஒரு கிலோ உப்பையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். உப்பின் விலையைத் தேடும் உராய்வு, பணம் செலுத்தும் உராய்வு இரண்டும் இன்று ஏறக்குறைய இல்லை. ஒரு கிலோ நிறையை இரண்டு கிலோமீட்டர் நகர்த்தும் உராய்வு மட்டும் 1995இல் இருந்த அளவே இருக்கிறது. நிறை குறையவில்லை, தூரம் குறையவில்லை. முன்பு நாம் நடந்து கடைக்குச் சென்று அந்த வேலையைச் செய்தோம். இன்று வேறொருவர் செய்கிறார். உராய்வு மறையவில்லை; நம் காலிலிருந்து அவருடைய வண்டிச் சக்கரத்துக்கு மாறியிருக்கிறது.

என் மாணவர் ஒருவர் மாலை நேரத்தில் இவ்வேலைக்குச் செல்கிறார். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் முழங்காலில் கட்டுடன் வகுப்புக்கு வந்தார். சாலையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். "ஏன் இவ்வளவு வேகம் தம்பி?" என்று கேட்டேன். "நேரம் ஆகிவிட்டால் அடுத்த சவாரி வராது சார்" என்றார். அன்று பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம்.

ஒரே தூரத்தைப் பாதி நேரத்தில் கடக்க வேகம் இரு மடங்காக வேண்டும். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக்கை அழுத்திய பின் வண்டி நிற்கும் தூரமும் நான்கு மடங்காகும். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகத்தை 0.7 என்று கொண்டால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஏறத்தாழ 7 மீட்டரில் நிற்கும். 72 கிலோமீட்டர் வேகத்தில் 29 மீட்டர் வேண்டும். மழையில் குணகம் பாதியாகக் குறைந்தால் 58 மீட்டர்! பிரேக்கைத் தொடுவதற்கு முன் ஓட்டுபவர் சிந்திக்கும் நொடியில் வண்டி செல்லும் தூரம் இதில் சேரவில்லை.

கணக்கை முடித்தபின் அந்த மாணவரே சொன்னார்: "அப்படியானால் என்னைக் காப்பாற்றுவது உராய்வுதான் சார்." ஆம். உராய்வற்ற வணிகம் என்று நூல் வருணிக்கும் அமைப்பின் கடைசிக் கண்ணியில் ஓர் இளைஞனின் உயிர் சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வை நம்பியிருக்கிறது.

கிடங்குகளை வீடுகளுக்கு அருகில் அமைத்தால் வேகத்தைக் கூட்டாமலேயே நேரத்தைக் குறைக்கலாம். அது அறிவார்ந்த வழி, அவ்வழியும் கையாளப்படுகிறது. ஆனால் அதன் பிறகும் கடிகாரம் ஓட்டுபவரைத் துரத்துமானால் அங்கே சேமிக்கப்படும் நிமிடங்களுக்கு விலை கொடுப்பவர் அவரே. தமிழ்நாடு அரசு இத்தகைய தொழிலாளருக்கென 2023இல் நல வாரியம் ஒன்றை அமைத்தது. நம் சாலையில் உராய்வு உண்டு, அதைச் சுமப்பவரும் உண்டு என்பதை அரசு ஏட்டில் ஒப்புக்கொண்ட செயல் இது என்றே நான் கருதுகிறேன்.

முடிவாக

'முன்னே செல்லும் பாதை' வெளிவந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இணையத்தின் முதன்மையைப் போதிய அளவு காட்டவில்லை என்று எழுந்த குறையை நூலாசிரியர் 1996இல் வெளியிட்ட திருத்தப் பதிப்பில் சரிசெய்தார். உவமையில் இருந்த குறை மட்டும் திருத்தப்படாமலே உலகெங்கும் பரவிவிட்டது. இன்றும் புதிய நிறுவனம் ஒன்றைத் தொடங்குபவர் 'உராய்வில்லாச் சேவை' என்று பேசுவதைக் கேட்கிறோம்.

அந்நூலை இளைஞர்கள் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிக்கலாம். வரப்போவதைத் துணிந்து சொன்ன நூல் அது. ஆனால் பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். உராய்வு நீங்கியது என்று சொல்லப்படும் ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகளை ஓரத்தில் எழுத வேண்டும். அது உண்மையிலேயே நீங்கியதா, அல்லது வேறிடத்துக்கு மாறியதா? மாறியதென்றால் யார்மேல் மாறியது? அங்கே இருந்த உராய்வு நம்மைத் தடுத்துக்கொண்டிருந்ததா, தாங்கிக்கொண்டிருந்ததா?

மசகு எண்ணெயை அச்சுக்குத்தான் இடுவார்கள், சாலைக்கு இடுவதில்லை. எங்கே இட வேண்டும், எங்கே இடலாகாது என்று அறிவதுதான் பொறியியல். வணிகத்துக்கும் அதுவே பொருந்தும்.